முகம் பார்த்த சில்லு

உட்காருங்க, உட்காருங்க. ரிடையர் ஆனவங்களைப் பார்த்தா எழுந்து நிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. உங்க டைரக்டர் போன் பண்ணி, "புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கு உபயோகமா நாலு வார்த்தை சொல்லுங்க மேடம்"னார். உபயோகமான வார்த்தையெல்லாம் உங்க பாடப் புத்தகத்துலயே இருக்கு. என்கிட்ட இருக்கிறது ஒரு மனுஷனோட கதை. காபி வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்னுதான் பார்க்கிறேன். ஆனா பேச ஆரம்பிச்சா நான் லேசுல நிறுத்தற ஆள் இல்ல. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். காரைக்கால்ல எங்க வீட்டை 'சொல்தா வீடு'ன்னுதான் சொல்வாங்க. அந்த வீட்டுல எல்லாருக்கும் தொண்டை கொஞ்சம் பெரிசு.

நீங்க செய்யற வேலை எனக்குத் தெரியும். துகளை விரட்டி விடற முடுக்கியிலேருந்து வர்ற கற்றையை லேசா வளைச்ச ஒரு படிகத்துக்குள்ள விடறீங்க. துகள் படிகத்தோட வரிசையைப் பிடிச்சுக்கிட்டு, அது வளையற பக்கமே தானும் வளைஞ்சு வெளிய வருது. லாரி பாரம் இருக்கிற காந்தம் பண்ண வேண்டிய வேலையை விரல் நீளத்துக் கல்லு பண்ணுது. இன்னைக்கு உங்களுக்கு இது சாதாரணம். எண்பதுகள்ல ஏதோ வெளிநாட்டுல இப்படித் திருப்பறாங்களாம்னு எங்க கல்லூரி நூலகத்துல, மாசக்கணக்கா லேட்டா வர்ற பத்திரிகையில படிச்சுட்டு வாயைப் பிளந்தோம்.

எங்களுக்கு முடுக்கி ஏது? காரைக்கால்ல ஒரு கல்லூரி, அதுல ஒரு இயற்பியல் துறை. ஒரு சின்ன வில்லையில கதிரியக்கப் பொருள் கொஞ்சம். அதுலேருந்து தானா தெறிச்சு வர்ற ஆல்ஃபா துகள்தான் எங்க கற்றை. குக்கர் மாதிரி ஒரு பாத்திரம், அதுக்குள்ள காத்தை உறிஞ்சற ஒரு பம்ப், நடுவுல சிலிக்கான் சில்லு, அந்தப் பக்கம் துகளை எண்ணற கருவி. அவ்வளவுதான் சொத்து. மழைக்காலத்துல கடல் காத்து அடிச்சா அந்தப் பாத்திரத்துல வெற்றிடம் வரவே மூக்கால அழும்.

படிகம் எப்படித் துகளுக்கு வழி விடுதுன்னு என் பிள்ளைங்க கேட்டா, பஸ்ஸுல ஏறி விழிதியூர்ப் பக்கம் போய்ட்டு வாங்கடாம்பேன். கயிறு கட்டி வரிசையா நட்டிருக்கிற வயலை ஜன்னல்லேருந்து பாருங்க. ஒரே பச்சையா, புதரா தெரியும். பஸ் ஒரு இடத்துக்கு வந்ததும் பளிச்சுனு வரிசை திறக்கும், இந்த வரப்புலேருந்து அந்த வரப்பு வரைக்கும் சந்து சந்தா தெரியும். அடுத்த நொடி மறுபடியும் புதர். துகளுக்கும் அதே கதைதான். சரியான கோணத்துல நுழைஞ்சா அணு வரிசைக்கு நடுவுல அலுங்காம நழுவிப் போகும், சக்தியையும் அதிகம் இழக்காது. கோணம் மயிரிழை தப்பினா, முட்டி மோதிச் சோர்ந்துபோய்தான் வெளிய வரும். சில்லைத் திருகாணியால கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி, சோர்வில்லாம வர்ற துகளோட எண்ணிக்கை எங்க ஏறுதுன்னு பார்க்கணும். ஏறினா வழி திறந்திருக்குன்னு அர்த்தம்.

இந்த வேலையை எங்க துறையில எடுத்தவர் பன்னீர்செல்வம். விழிதியூர்க்காரர், விவசாயக் குடும்பம். ஸ்கூல்ல வாத்தியாரா இருந்துட்டு, ஆராய்ச்சிக்குன்னு லீவு வாங்கிக்கிட்டு வந்தவர். நான் அங்க விரிவுரையாளர். என்னைவிட ஓரிரண்டு வயசுதான் சின்னவர். மெதுவாப் பேசுவார். கருவி நூறு காட்டினா நூறுன்னுதான் சொல்வார், 'நூறுக்கு மேல இருக்கும்'னு ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்ல மாட்டார். எனக்கு அந்த ஆளைப் பிடிச்சுப் போனதே அதனாலதான்.

ஒரு பொங்கல் லீவுல, துறையில ஈ காக்கா இல்லாத நேரத்துல, அவர் சில்லுல எண்ணிக்கை ஏறிடுச்சு. தன்னந்தனியா உட்கார்ந்து பார்த்திருக்கார். லீவு முடிஞ்சு நாங்க வந்தப்ப கிராஃபை நீட்டினார். நடுவுல அழகா ஒரு மேடு. எங்க துறைத் தலைவருக்கு உச்சி குளிர்ந்து போச்சு. பல்கலைக்கழகத்துக்கு எழுதினாரு. அவங்களும், "நல்லது, பதிவு முடியறதுக்குள்ள குழு நேர்ல வந்து பார்க்கும்"னு பதில் போட்டுட்டாங்க. பன்னீருக்கு ஏற்கெனவே கால நீட்டிப்பு கொடுத்தாச்சு, இனிமே கிடையாது. குழு வர்ற அன்னைக்கு மேடு தெரிஞ்சா ஆராய்ச்சி தொடரும். தெரியலைன்னா பதிவு ரத்து, பழையபடி ஸ்கூல்.

இங்கதான் எங்க துறையோட குணத்தைச் சொல்லணும். நாங்க உப்புப் படிகம் வளர்க்கிறவங்க. கரைசலை வெச்சு, மாசக்கணக்கா ஆடாம அசையாம காத்திருந்து, ஒரு கல்லை எடுப்போம். எடுத்த கல்லை ஈரப் பட்டுத்துணியில தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்துவோம். அப்புறம் தலைவர் அதை வாங்கி ஜன்னல்கிட்ட பிடிப்பார். அதுல அவரோட மீசை தெரியணும். தெரிஞ்சா "பாஸ்!"ம்பார். தெரியலைன்னா திரும்பப் போய்த் தேய்க்கணும். அங்க வேலை பார்த்த எல்லாரும் அந்த மீசைப் பரீட்சையில தேறினவங்கதான்.

பன்னீரோட சிலிக்கான் சில்லு வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்துலேருந்து வந்தது. இருந்தது அது ஒண்ணே ஒண்ணு. அமிலத்துல கரைச்சு மெல்லிசாக்கின சில்லு, பார்க்க அழுதுவடியும், புகை படிஞ்ச கண்ணாடி மாதிரி. குழு வரப்போகுதே, மாப்பிள்ளைக்கு முகம் கழுவி விடறாப்ல அதையும் பளிச்சுனு ஆக்க வேண்டாமான்னு எங்க எல்லாருக்கும் தோணுச்சு. பன்னீர் அதை மெழுகால கண்ணாடித் தகட்டுல ஒட்டி, நைஸான பொடியைப் போட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மெருகேத்தினார். உடையாம அதை முடிச்சதே பெரிய கைவித்தை. தலைவர் ஜன்னல்கிட்ட பிடிச்சார். மீசை மட்டுமா, மீசையில இருந்த நரை வரைக்கும் தெரிஞ்சுது. "பாஸ்!" நானும் வாங்கிப் பொட்டைச் சரி பண்ணிக்கிட்டேன். துறையே கைதட்டுச்சு.

அதை மாட்டின நாள்லேருந்து மேட்டைக் காணோம்.

திருகாணியை இப்படித் திருப்பறார், அப்படித் திருப்பறார், ஒரே சமவெளி. கோணம் தப்பியிருக்கும்னு கழட்டி மாட்டினார். கருவியில கோளாறா இருக்கும்னு கருவியைப் பிரிச்சு மாட்டினார். வெயில் காலம் போச்சு, மழையும் ஆரம்பிச்சாச்சு. மனுஷன் அரை ஆளா ஆயிட்டார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல, தூக்கைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தவர் என்கிட்ட கேட்டார்:

"மேடம், பொங்கல் லீவுல நான் பார்த்தது நெசந்தானா?"

"என்னங்க பன்னீர் இது கேள்வி? கிராஃப் இருக்குல்ல?"

"கிராஃப் போட்டதும் நான்தானே. வேற யாரும் பார்க்கலியே."

எனக்குப் பகீர்னுச்சு. பட்டம் போனா போகுதுன்னு விட்டுடலாம். தன் கண்ணையே நம்ப முடியாமப் போற நிலைமை இருக்கே, அது யாருக்கும் வரக்கூடாது. "சாப்பிடுங்க முதல்ல"ன்னு அதட்டினேன்.

குழு வர்றதுக்கு ஒரு வாரம் இருக்கும். முதுகலைப் பிள்ளைங்களுக்கு நான் ஒரு செய்முறை நடத்திக்கிட்டிருந்தேன். உப்புக் கல்லு மேல அரிக்கிற கரைசல் ஒரு சொட்டு விட்டா, உள்ளே எங்கெங்க கோளாறு இருக்கோ அங்க குட்டிக் குட்டிக் குழி விழும், மைக்ராஸ்கோப்புல பார்க்கலாம். ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. "மேடம், கல்லு வழுவழுன்னு இருக்கு, ஆனா கோடு போட்ட மாதிரி குழியா வருதே?" பார்த்தேன். யாரோ ஈரத்துணி இல்லாம பொடி போட்டுத் தேய்ச்ச கல்லு. மேலே பளபளப்பு. அடியில, தேய்ச்ச ஒவ்வொரு கீறலும் அப்படியே பதுங்கிக்கிட்டிருந்தது.

அந்தப் பிள்ளைங்களை அப்படியே விட்டுட்டு பன்னீர்கிட்ட ஓடினேன். ஈரத்துணியில தேய்ச்சா உப்போட அடிபட்ட தோல் தண்ணியிலயே கரைஞ்சு போயிடும், அதனால எங்க பளபளப்பு எப்பவும் நெசமான பளபளப்பு. சிலிக்கான் தண்ணியில கரையுமா? பொடி அதைக் கீறி, நசுக்கி, மேலே மட்டும் இழைச்சு விட்டிருக்கு. நுழையற வாசல்லயே வரிசையெல்லாம் கலைஞ்சு கிடந்தா துகள் எந்தச் சந்துல போகும்? நம்ம கண்ணுக்குக் கண்ணாடி, துகளுக்குப் புதர். தினமும் குழி எண்ணிப் பிழைக்கிற எங்க துறையில ஒருத்தருக்கும் இது தோணல பாருங்க! மீசை தெரிஞ்சாப் போதும்னு பழகின கூட்டம்.

சொன்னேன். பன்னீர் சில்லைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். அப்புறம், "அப்ப மறுபடியும் அமிலத்துல போட்டு மேல்தோலை எடுக்கணும்"னார். அதுலதான் ஆபத்து. சில்லு ஏற்கெனவே இமை முடியைவிட மெல்லிசு. அமிலம் கொஞ்சம் கூடுதலாத் தின்னுட்டா சில்லே இருக்காது.

தலைவர்கிட்ட போனோம். அவர் கெட்டவர் இல்ல, பன்னீர் மேல உண்மையாவே பாசம் வெச்சிருந்தவர்.

"பன்னீர், நான் சொல்றதைக் கேளுங்க. சில்லைத் தொடாதீங்க. பழைய கிராஃப் இருக்கு, அதைக் காட்டுவோம். பம்ப் ரிப்பேர், இன்னைக்கு ஓட்ட முடியலன்னு நான் சொல்லிக்கிறேன். உங்க பதிவைக் காப்பாத்தணும்யா."

"ரிப்பேர் பம்புல இல்லையே சார், சில்லுலல்ல இருக்கு."

"அட, அது அவங்களுக்குத் தெரியணுமா?"

"எனக்குத் தெரிஞ்சாகணும் சார். அந்த மேடு இருந்துச்சா இல்லையான்னு எனக்கே இப்ப தெரியல. தெரியாததைக் காட்டி எப்படி சார் கையெழுத்து வாங்கறது?"

தலைவர் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லும்மாங்கிற மாதிரி. இந்த இடத்துல நீங்க இருந்தா என்ன சொல்லுவீங்க? யோசிச்சுப் பாருங்க. தலைவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. பழைய கிராஃப் பொய் இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் அது நெசம்தான்னு நம்பிக்கை. ஆனா நம்பறது வேற, கையைப் பிடிச்சுக் கூட்டிப் போய்க் காட்டறது வேற. நான் பன்னீர் பக்கம் நின்னேன். "நான் கூட இருக்கேன் சார், வேதியியல் துறையில பத்திரமாப் பண்ணலாம்"னேன். தலைவர் தலையில கையை வெச்சுக்கிட்டார்.

அமிலத்துலேருந்து எடுத்தப்ப சில்லுல ஒரு பக்கம் முழுசா கரைஞ்சே போயிருந்தது. மிச்சம் பாதிதான். பழையபடி மங்கலா, அழுதுவடிஞ்சுக்கிட்டு. அதைப் பார்த்ததும் பன்னீர் முகத்துல பல நாள் கழிச்சு ஒரு சிரிப்பு. மாட்டினோம். ஆனா புதுசா மாட்டினா கோணம் எங்க இருக்குன்னு முதல்லேருந்து தேடணும். எங்க கற்றையோ எறும்பு ஊர்ற மாதிரி. ஒவ்வொரு திருப்புக்கும் போதுமான துகள் சேர ரொம்ப நேரம் காத்திருக்கணும். போதாததுக்கு அடைமழை, பாத்திரத்துக்குள்ள ஈரம், வெற்றிடம் வருவேனான்னு அடம் பிடிக்குது. குழு வந்து இறங்கினப்ப நாங்க தேட வேண்டியதுல கால்வாசிகூடத் தேடி முடிக்கல.

குழுவுல மத்தவங்க பேசவே இல்ல, பேசினதெல்லாம் குழுத் தலைவர்தான். கறாரான மனுஷர். பன்னீர் அவர் முன்னாடி நின்னு ஒண்ணு விடாமச் சொன்னார். மேடு பார்த்தது, மெருகேத்தினது, மேடு போனது, அமிலத்துல போட்டது. "கோணம் இன்னும் கிடைக்கல சார், தேடிக்கிட்டிருக்கேன்"னார். குழுத் தலைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கருவி டிக் டிக்குனு எண்ணுது. பன்னீர் திருப்பறார், காத்திருக்கார், எழுதறார், திருப்பறார். அந்தோணியாரே, ஒரு சின்ன மேடாவது காட்டும்னு வேண்டிக்கிறேன். சமவெளிதான்.

மதியம் வரைக்கும் பார்த்துட்டு குழுத் தலைவர் எழுந்தார். கோபமா இல்ல, வருத்தமாத்தான் சொன்னார். அதனாலதான் அது ஆழமா இறங்குச்சு.

"பன்னீர்செல்வம், ஆராய்ச்சியில ஒரு வியாதி உண்டு. ரொம்ப நாள் தேடினவன், தேடினதைப் பார்த்துடுவான். நீங்க ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கீங்க. மெருகு, அமிலமெல்லாம் அதுக்கு அப்புறம் சேர்ந்த சமாதானம். அந்த மேடு எப்பவுமே இருந்திருக்காது."

பன்னீர் திருகாணியில வெச்ச கையை எடுக்கவே இல்ல. பதிவு ரத்துன்னு எழுதிக் கொடுத்துட்டு அவங்க கிளம்பிட்டாங்க. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. நாலு வார்த்தை கேட்டிருப்பேன், எங்க தலைவர்தான் கண்ணாலயே அடக்கினார்.

திங்கட்கிழமை பன்னீர் ஸ்கூல்ல சேரணும். அதுவரைக்கும் மிச்சமிருந்த நாள் பூரா அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். பதிவே போச்சே, இனிமே யாருக்குக் காட்டணும்னு ஊரே கேட்டுது. கேட்டவங்களுக்கெல்லாம் ஒரே பதில்: "சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு."

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு தருமபுரத்துல இருக்கிற என் வீட்டுக்குக்கூடப் போகாம, குடையைப் பிடிச்சுக்கிட்டு நேரா கல்லூரிக்குப் போனேன். இன்னைக்கோட கடைசி, தனியா விடக்கூடாதுன்னு மனசு அடிச்சுக்குச்சு. உள்ள நுழைஞ்சா, பன்னீர் கருவியை விட்டுத் தள்ளி, சுவரோரமா நிக்கிறார். முகமெல்லாம் வெளுத்திருக்கு.

"என்ன ஆச்சு?"

"மேடம், நீங்க வந்து திருப்புங்க. எந்த இடம்னு நான் சொல்ல மாட்டேன். இந்தக் குறியிலேருந்து அந்தக் குறி வரைக்கும் நீங்களே திருப்பி நீங்களே எழுதுங்க."

"ஏன், நீங்க பார்த்தீங்களா? இருக்கா?"

"நான் பார்த்தா செல்லாது மேடம்."

அப்படியே நெஞ்சை அறுத்துடுச்சு அந்த வார்த்தை. அவர் வெளிய தாழ்வாரத்துக்குப் போயிட்டார், தன் முகத்தைப் பார்த்து நான் எதையும் ஊகிச்சுடக்கூடாதாம். எனக்குப் பின்னால கதவையும் சாத்திட்டார்.

உட்கார்ந்தேன். திருப்பினேன், காத்திருந்தேன், எழுதினேன். முதல்ல சமவெளி. அதுக்கடுத்ததும் சமவெளி. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். டிக் டிக்குனு வந்துக்கிட்டிருந்த சத்தம் கொஞ்சம் நெருங்கின மாதிரி காதுல பட்டுது. காதை நம்பக்கூடாதுன்னு முழு நேரமும் காத்திருந்து எண்ணைப் பார்த்தேன். ஏறியிருக்கு! இன்னும் மயிரிழை திருப்பினேன், நல்லாவே ஏறுச்சு. தாண்டிப் போனேன், இறங்கிடுச்சு. வந்த வழியே திரும்பினேன், மறுபடியும் அதே இடத்துல ஏறுது. பழைய மேடு அளவுக்கு உசரம் இல்ல, பாதிச் சில்லுதானே. ஆனா மேடுதான், சந்தேகமே இல்ல. அணு வரிசை திறந்து, துகள் அதுக்குள்ள நழுவிப் போய்க்கிட்டிருக்கு.

வெளியிலேருந்து குரல் வருது, மழைச் சத்தத்துக்கு நடுவுல.

"இருக்கா மேடம்?"

"இருக்குய்யா! இருக்கு, இருக்கு!"ன்னு நான் போட்ட சத்தத்துல வாட்ச்மேன் ஓடி வந்துட்டார். கதவைத் திறந்தா, பன்னீர் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். "அப்ப பொங்கலுக்கு நான் பார்த்தது..."ன்னு ஆரம்பிச்சு, முடிக்காம விட்டுட்டார்.

எங்க தலைவர் விஷயம் கேட்டதும் குழுத் தலைவருக்குத் தந்தி அடிச்சார். வரவே மாட்டார்னு நான் அடிச்சுச் சொன்னேன். அவர் வந்தார். தனியா, தன் சொந்த வேலையா, சில்லைக் கழட்டாதீங்கன்னு முன்கூட்டியே சொல்லிட்டு வந்தார். பன்னீர் ஸ்கூல்ல அரை நாள் லீவு போட்டுட்டு வந்து நின்னார். அந்த மனுஷர் யாரையும் பக்கத்துல விடல. தானே திருப்பி, தானே எழுதினார். ஏறுச்சு. தாண்டிப் போனார், இறங்குச்சு. வேணும்னே வேற பக்கம் தூரமாத் திருப்பி, எங்ககிட்ட பேச்சுக் கொடுத்துட்டு, மறுபடியும் தேடிக்கிட்டு வந்தார். அதே இடத்துல ஏறுச்சு. எனக்கு அன்னைக்குத்தான் அவர் மேல மரியாதை வந்துச்சு. கூட வேலை செய்யறவனைப் பார்த்து 'உன் கண்ணு பொய் சொல்லுது'ன்னு சொல்லணும்னா, முதல்ல அவன் பிடிச்ச திருகாணியை நம்ம கையால பிடிச்சுப் பார்க்கணும், பிள்ளைங்களா. அவர் லேட்டாப் பிடிச்சார், ஆனா பிடிச்சார்.

எங்க தலைவர் மெதுவா, "சார், அந்தப் பதிவு..."ன்னு இழுத்தார்.

"பதிவு போனது போனதுதான். விதியை நான் திருப்ப முடியாது. முதல்லேருந்து போடணும்"னுட்டு, குழுத் தலைவர் பன்னீர் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீங்க ஆசைப்பட்டதைப் பார்க்கல. இருந்ததைத்தான் பார்த்திருக்கீங்க. என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கிறேன். என் கையில இருக்கிறது அவ்வளவுதான்."

"அதுதான் சார் வேணும்"னார் பன்னீர். "பதிவை நான் இன்னொரு தடவை போட்டுக்குவேன்."

போட்டார். ஸ்கூல் வேலையோட வேலையா, லீவு நாளெல்லாம் வந்து உட்கார்ந்து, பட்டமும் வாங்கினார். அதெல்லாம் பிற்பாடு. அன்னைக்கு 'போட்டுக்குவேன்'னு சொன்ன கையோட, குழு வந்து போன அன்னைக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன், எங்க எல்லாருக்கும் முன்னாடி குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தக் கறாரான குழுத் தலைவர் அவர் தோள்ல கையை வெச்சுக்கிட்டு, அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னார்.